தலைகீழாகத் தைத்த மயில்

வழக்கு முடிந்ததும் சான்றுப் பொருள் அதற்கு உரித்துடையவரிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். அறிவித்தல் அனுப்பியும் அவர் வராதவிடத்து, மன்றின் கட்டளைப்படி அது அழிக்கப்படல் வேண்டும்.

விதி அவ்வளவுதான். இரண்டே வழிகள். நான் மூன்றாவது வழியால் போனேன்… வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

திருடினேன் என்று எழுதுவதுதான் முறை. எழுதுகிறேன். திருடினேன்! கொட்டாஞ்சேனைப் பெண் ஒருத்தி தன் கணவனுக்குத் தைத்துக் கொடுத்த தகரச் சட்டையைத் திருடினேன். அவள் அதைக் கேட்டு வந்தபோது, அழித்தாயிற்று என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

நான் நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த நீதிமன்றம் என்று கேட்காதீர்கள். கட்டடத்தின் மீது குற்றமில்லை. சான்றுப் பொருள் அறைப் பூட்டின் திறப்பு என் மேசை லாச்சியில் இருந்தது.

மனிதர் மனிதரைக் கொல்ல எடுத்தவையெல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தன. நீங்கள் வாளையும் வேலையும் எண்ணிக்கொள்வீர்கள். வாள் ஒன்றுகூட வரவில்லை! வந்தவை தேங்காய்த் திருவலை, உலக்கை, சைக்கிள் செயின், உடைந்த சோடாப் போத்தல், குடைக்கம்பி. எல்லாம் காலையில் வேறு வேலைக்குப் பயன்பட்டவை. கொலை என்பது பெரும்பாலும் வீட்டுச் சாமானின் துர்ப்பயன்பாடு.

அந்தக் குவியலுக்குள்தான் ஒருநாள் அந்தச் சட்டை வந்தது.

அந்தோனி என்பவன் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி. யாருடனோ வாய்த்தர்க்கம், குத்துவேன் என்று மிரட்டல். பொலிஸில் முறையிட்டார்கள். பொலிஸ் எழுதிக்கொண்டது. எழுதிக்கொள்வதற்கு மேல் ஏதும் நடக்காது என்பதை அவன் மனைவி ஜெசிந்தா எப்படியோ அறிந்திருந்தாள். பிஸ்கட் தகரங்களைச் சேர்த்தாள். வெற்றிலையளவு துண்டுகளாக வெட்டினாள். ஆணியால் துளையிட்டு, ஒரு பழைய காக்கிச் சட்டையின் மேல், மீன்பிடி நைலோன் நூலால், ஒன்றின் மேல் ஒன்று படியத் தைத்தாள். துருப்பிடிக்காதிருக்க வர்ணப் பக்கத்தை வெளியே வைத்தாள்.

அதனால்… அந்தச் சட்டையெங்கும் ரோசாப்பூக்கள்! பொன் விளிம்புகள், அரை வண்டி, கால் குதிரை, ஒரு சீமாட்டியின் கையுறை. இடது மார்பில் முழுதாக ஒரு மயில், தலைகீழாக.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அறையில் இருந்த அத்தனை பொருள்களும் ஓர் உயிரை எடுக்க வந்தவை. இது ஒன்றுதான் ஓர் உயிரைக் காக்கச் செய்யப்பட்டது!

காக்கவும் செய்தது. மார்பில் விழுந்த குத்துகள் உள்ளே இறங்கவில்லை என்று வைத்தியர் சாட்சி சொன்னார். தகரத்தில் பதிந்த அந்த நெளிவுகளை என் பெருவிரலால் தடவியிருக்கிறேன். ஆனால், மூட்டை தூக்குகிறவன் கையை உயர்த்த வேண்டும். அதற்காக அவள் அக்குளை வெறும் துணியாக விட்டிருந்தாள். கத்தி அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தது.

வழக்கு முடிந்தது. குற்றவாளி சிறைக்குப் போனான். கத்தி முறைப்படி அழிக்கப்பட்டது. ஜெசிந்தாவுக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டும்… நான் அனுப்பவில்லை.

மறதியா? இல்லை. எல்லா நடைமுறையும் அறிந்தவனுக்கு, எந்தப் படியில் மௌனமாக இருந்தால் போதும் என்பதும் தெரியும். அறிவித்தல் போகவில்லை, உரிமை கோர எவரும் வரவில்லை, அழிக்கக் கட்டளை வந்தது, அழிக்கப்பட்டது என்று பதிந்தேன். எரித்துவிடாமல் காப்பாற்றினேனே என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். நல்ல வாதம். நானே நீதிபதியாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

பிறகு அவள் வந்தாள். அறிவித்தல் வராததால்தான் வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

"சேர், அந்தத் தகரச் சட்டைய மட்டும் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"அழிச்சாச்சு."

"எப்பிடி சேர்?"

"எரிச்சிட்டாங்க."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "தகரம் எரியாதே, சேர்."

"அப்ப உருக்கியிருப்பாங்க" என்றேன். மேசையில் இருந்த வழக்குக் கோவையைத் திறந்தேன். அலுவலகத்தில் ஒருவர் கோவையைத் திறந்தால் நீங்கள் போகலாம் என்று பொருள். அவள் போனாள்.

சட்டை வெள்ளவத்தை வீட்டில், என் அலுமாரியில், கோட்டுக்குப் பின்னால் தொங்கியது. கடற்காற்றுக்கு வெள்ளவத்தையில் கதவின் இரும்புப் பிணைச்சலே கரையும். அந்த ரோசாக்கள் கரையவில்லை!

ஓய்வுக்குப் பின் மேல்மாடியை வாடகைக்கு விட்டேன். வந்தவள் மயூரி, முப்பது வயதிருக்கும். ஏதோ வெளிநாட்டுக் கொம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை. என்ன வேலை என்று கேட்டேன். "ஆயுதம் செய்யிறனான் அங்கிள்" என்றாள். வாடகை ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வாசகம் சேர்க்க வேண்டுமா என்று யோசித்தேன். பிறகுதான் தெரிந்தது, கணினி விளையாட்டுகளுக்கு வாளும் கவசமும் வரைகிறவள்.

மாலைத் தேநீருக்கு மடிக்கணினியோடு இறங்கி வருவாள். கதவளவு அகலமான வாள்களைக் காட்டுவாள். அவற்றில் நீல நெருப்பு எரியும். ஒரு போர்ப்பெண்ணின் கவசம் தோளில் மலையாக எழுந்து, வயிற்றுக்கு வந்ததும் காணாமற்போயிருந்தது.

"இது கவசமா பிள்ளை? குத்திறவனுக்கு இடம் காட்டின மாதிரியெல்லோ இருக்கு."

"அங்கிள், இது கேம். இதில ஒருத்தரும் பிரேத பரிசோதனை செய்யமாட்டினம்."

"இந்த வாளை ஆர் தூக்கிறது?"

"நெருப்பு எரியுது, அதைக் கேக்கேல்லை. பாரத்தைத்தான் கேக்கிறியள்!"

நான் உண்மையான ஆயுதங்களின் பட்டியலைச் சொன்னேன். திருவலை, உலக்கை, குடைக்கம்பி… அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"திருவலையைத் தூக்கிக்கொண்டு ஆர் அங்கிள் அரக்கனோட சண்டைக்குப் போறது? உங்கட முழுச் சேர்விஸ்லையும் வடிவான சாமான் ஒண்டாவது காணேல்லையா?"

ஏன் எழுந்தேன்? ஏன் அலுமாரியைத் திறந்தேன்? இத்தனை காலம் ஒருவருக்கும் காட்டாத ஒன்றைக் காட்டி, ஓர் இளம் பெண்ணின் வியப்பைப் பெறுவதற்கு அவ்வளவு ஆசையா?

ஆசைதான்! அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, விரல் நுனியால் ஒவ்வொரு தகடாகத் தொட்டாள். "கடவுளே…" என்றாள். என் மார்பு நிறைந்தது, நானே தைத்ததுபோல.

எங்கே கிடைத்தது என்று கேட்டாள். பஞ்சிகாவத்தையில் பழைய இரும்புக் கடையொன்றில், யார் செய்ததென்று தெரியாது என்றேன். பொய் இரண்டாம் முறை சொல்லும்போது முதல் முறையை விடச் சுலபம்.

அவள் படமெடுத்தாள், அளந்தாள், வரைந்தாள். மயிலை நிமிர்த்தவா என்று கேட்டாள். வேண்டாம், உள்ளபடி இருக்கட்டும் என்றேன். எங்களுக்குள் சண்டை அக்குளில்தான் வந்தது. அவள் அந்த இடத்தையும் தகடுகளால் மூடியிருந்தாள்.

"அது பிழை. அங்கை தகரம் வைச்சா கை தூக்கேலாது. அது தெரிஞ்சுதான் அவள் அந்த இடத்தை விட்டவள்."

"அவளா? ஆர் செய்ததெண்டு தெரியாதெண்டியள்?"

நான் இருமினேன். இருமல் வயதானவர்களுக்கு அரசு வழங்கிய சலுகை.

"உண்மையில ஏலாதுதான் அங்கிள்" என்றாள் அவள். "அதுக்குத்தானே கேம்."

சில மாதங்கள் கழித்து, ஒரு பிற்பகல், முடிந்ததைக் காட்டினாள். ஒரு மனிதன் அந்தச் சட்டையோடு மழையில் நடந்தான். ரோசாக்களின் மேல் துளிகள் உருண்டன. ஒரு பாறையின் முன்னால் நின்று இரு கைகளையும் மேலே உயர்த்தினான்.

அக்குளில் இருந்த தகடுகள் இறாலின் ஓடுபோல ஒன்றுக்குள் ஒன்று வழுகி, விரிந்து, மறுபடி மூடின. எங்கும் இடைவெளியில்லை! கை முழுதாக உயர்ந்தது!

என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். நடக்கவே முடியாத ஒன்று. ஒரு தகரவேலைக்காரனும், ஒரு பொறியியலாளனும் செய்ய முடியாத ஒன்று. ஆனால் அது மட்டும் அன்று நடந்திருந்தால்… அந்தோனி மூட்டையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். நான் உண்மை உண்மை என்று வாதாடியதெல்லாம் அவன் செத்த துவாரத்துக்காகத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

விளையாட்டு வெளிவந்தது. ஆடுகிறவர்கள் எழுதியதை மயூரி வாசித்துக் காட்டினாள். நெருப்பு வாளைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகமில்லை. தகரச் சட்டையைப் பற்றித்தான் புகார். பிஸ்கட் தகரம் கத்தியைத் தடுக்காதாம், அப்பட்டமான கற்பனையாம். அந்த விளையாட்டு முழுவதிலும் உண்மையாகக் கத்தியைத் தடுத்த பொருள் அது ஒன்றுதான்! அதை அறிந்த ஒரே ஆளாக நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஆள் என்று நினைத்தேன்.

ஒருநாள் மயூரி படியில் வேகமாக இறங்கி வந்தாள். கையில் போன். கொட்டாஞ்சேனையில் இருந்து ஓர் இளைஞன் அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தான்.

"வாசிக்கிறன், கேளுங்கோ. 'அம்மா கேக்கச் சொன்னாங்க. மயில தலைகீழா வைக்கச் சொன்னது யாரு?'" அவள் என்னைப் பார்த்தாள். "அங்கிள், அது பிழையாத் தைச்சதெண்டுதானே நான் நினைச்சனான். இந்த அம்மாக்கு எப்பிடித் தெரியும்?"

மயில் ஏன் தலைகீழ் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இவ்வளவு நேரமும் உங்களிடம் சொல்லாமல் வந்தேன்.

சட்டை வந்த புதிதில், ஒரு மதிய இடைவேளையில், சான்றுப் பொருள் அறையின் கதவை உள்ளே பூட்டிவிட்டு நான் அதை அணிந்துகொண்டேன். இறந்தவனின் சட்டையை… அவனுடைய இரத்தம் காய்ந்த துணி என் அக்குளில் உரச. பாரமாக இருந்தது, மூச்சு விடும்போது சலசலத்தது. குனிந்து பார்த்தேன். மயில் நேராக நின்றது! தோகையோடு, நிமிர்ந்து, என்னை அண்ணாந்து பார்த்தது. பார்க்கிறவர்களுக்காக அல்ல, அணிகிறவனுக்காக அவள் அதைத் தைத்திருந்தாள். குனியும்போதெல்லாம் அவன் காண வேண்டும் என்று. உலகத்தில் ஒரேயொருவனுக்கு மட்டும் தெரிய வேண்டிய ரகசியம். அதைக் கண்ட இரண்டாமவன் நான்.

அந்த நொடியில்தான் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாதவன் ஆனேன்.

மயூரியிடம் திருட்டைச் சொன்னேன். அணிந்ததைச் சொல்லவில்லை. அவள் கதிரையில் இருந்து எழுந்தாள்.

"நான் களவெடுத்த சாமானையா கீறினனான்? கொம்பனிக்கு என்னெண்டு சொல்லுறது? அதை விடுங்கோ… அந்த அம்மாக்கு என்னெண்டு சொல்லுறது?"

"யோசிப்பம்."

"யோசிக்க ஒண்டுமில்லை. நீங்கள் எழுதுறியளா, நான் எழுதட்டா?"

நான் எழுதினேன். எனக்குத் தெரிந்த முறையில், பந்திகளுக்கு இலக்கமிட்டு. கணவனின் சட்டையை எந்நேரமும் கொண்டுவந்து ஒப்படைக்கத் தயார் என்றும், வேண்டுமானால் பொலிஸிலும் வாக்குமூலம் கொடுப்பேன் என்றும் எழுதினேன். மன்னிப்பு ஏழாம் பந்தியில் இருந்தது. அந்த இளைஞன் தந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சட்டையை மடிக்க முடியாது. மெல்லிய துணியில் சுற்றி வாசலருகே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மழைக்காலம் போனது. பதில் இல்லை. மயூரி தேநீருக்கு வருவதில்லை. மேல்மாடியில் கதிரை நகரும் சத்தம் மட்டும் கேட்கும். அலுவலகத்தில் எத்தனை பேரை இப்படிக் காத்திருக்க வைத்திருப்பேன்! அது வேலை என்று நினைத்தேன்.

பிறகு ஒரு காலை மயூரி வந்தாள். போனை மேசையில் வைத்து, அந்த இளைஞன் அனுப்பியிருந்த குரல் பதிவை அழுத்தினாள். ஜெசிந்தாவின் குரல். கிழடு தட்டியிருந்தது. ஆனால் தகரம் எரியாதே என்று சொன்ன அதே குரல்.

"சேர், லெட்டர் கெடச்சுது. மகன் வாசிச்சுக் காட்டினான். நெறைய நம்பர் போட்டிருந்தீங்க. சட்டைய கொண்டு வராதீங்க சேர். அதுல ஓட்ட இருக்கு. அந்த ஓட்டய வுட்டது நான். தூக்கம் வராத நேரமெல்லாம் அத நெனச்சுத் தைச்சிக்கிட்டே இருந்தேன். இப்ப மகன் போன்ல இருக்குறதுல ஓட்ட இல்ல. அவரு ரெண்டு கையையும் தூக்குறாரு… நான் தெனம் பாக்குறேன். அந்தப் புள்ளைக்கு என் நன்றியச் சொல்லுங்க. மத்தது ஒங்ககிட்டயே இருக்கட்டும். நீங்கதானே ஆசப்பட்டீங்க."

பின்னால் வீதியில் முச்சக்கரவண்டி ஒன்று போகும் சத்தம். பேசி முடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் சேர். மயிலு தலைகீழா இருக்குறத மாத்தாம வுட்டிருக்கீங்க. பாத்தவங்க எல்லாம் பிழைன்னுதான் சொன்னாங்க. நீங்க அத… போட்டுப் பாத்தீங்களா?"

மயூரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தக் கேள்விக்கு ஜெசிந்தாவுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன், அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சட்டை மறுபடி அலுமாரியில் தொங்குகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த மயில் தலைகீழாகத்தான் தெரிகிறது.

அவள் பதில் வந்த அன்று காலை கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்கள் பூவும் மெழுகுதிரியுமாகப் பொரளைக் கனத்தை மயானத்துக்குப் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். கோவையில் குறிக்கும் வழக்கப்படி குறிக்கிறேன். பதில் கிடைத்த திகதி: மரித்தோர் தினம், நவம்பர் இரண்டு.