என் தலை நிலாவான சாயங்காலம்

மலையில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசி, அம்மாவுடன் இறங்கி வந்தேன். அடிவாரச் சத்திரத்தில் ஒருவர் கிரகணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு. கூட்டம் சிரிக்கும்போது அவர் மட்டும் சிரிக்காமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"நிலா ஒண்ணு வேணும். ஏம்பா மொட்ட, இப்படி வா" என்று என்னை உட்காரவைத்தார். பெட்ரோமாக்ஸ் விளக்குதான் சூரியன். நடுவில் ஒரு தேங்காயைப் பிடித்தார். அது பூமியாம். அதன் நிழல் என் தலையில் விழுந்தது.

"பாம்பு முழுங்கிச்சா? தேங்கா மறச்சுகினு இருக்குது, அவ்ளோதான்."

எல்லாரோடும் அம்மாவும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் கிரகணம். எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டையில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். கிரகணம் விடும்வரை அவளுக்குச் சொட்டுத் தண்ணீர் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனேன்.

"தண்ணி குடுக்கலாங்களா?"

"தாராளமா குடு."

"அம்மா உடாதுங்க."

கண்ணாடியைத் துடைத்தார். "நிலா எப்ப நகரும்னு நிமிஷத்தோட சொல்லுவேன். ஒங்கம்மா எப்ப நகருவாங்கன்னு என்னால சொல்ல முடியாதுப்பா."

அடுத்த வாரம் வீட்டில், கிரகணம் பிடித்ததும் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு மனைவி இருந்த அறைக்குப் போனேன். அம்மா வாசற்படியை மறித்து உட்கார்ந்திருந்தாள். சொம்பைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். பிறகு ஒதுங்கி வழி விட்டாள்.

"அவ குடிச்சதும் எனக்கும் கொண்டா. தொண்ட காயுது" என்றாள்.

அந்தக் கோட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல ஆசை. பேரைக் கேட்டு வைக்கவில்லை.