ஆறுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு

பாரிசிலிருந்து மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து சந்திரகலாவுக்குச் சோறு இறங்கவில்லை. மிரட்டலா என்றால் அதுவும் இல்லை. மரியாதை சொட்டச் சொட்ட, பிரெஞ்சில், இரண்டே வரி. "மேடம், 2002இல் உங்கள் கருவி பதிவு செய்த ஏழு பெரும் பொழிவுகளை நாங்கள் மறுபடி ஆராய்கிறோம். அந்த மாதங்களின் மின்னழுத்தக் குறிப்பை அனுப்ப முடியுமா?"

லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் அவள் இயற்பியல் பேராசிரியை. மொட்டைமாடியில் பன்னிரண்டு பெட்டிகள் வைத்திருந்தாள். வானத்திலிருந்து பாய்ந்து வரும் ஒரு துகள் காற்றில் மோதிச் சிதறி, லட்சக்கணக்கில் கீழே பொழியும். பெட்டிகள் அதை எண்ணும். எண்ணிக்கை எவ்வளவு பெரிதோ, வந்த துகளுக்கு அவ்வளவு ஆற்றல். யாரும் எதிர்பாராத ஆற்றலோடு ஒரே வருடத்தில் ஏழு. அதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 2003இல் வந்தது. மூன்று வருடத்தில் நாற்பத்தொரு பேர் தங்கள் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டிவிட்டார்கள். ஜப்பானில் ஒருவர் அதை வைத்தே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்.

குறிப்பேட்டைத் திறந்தாள். மின்னழுத்தம் என்ற கட்டத்தில் முதல் பக்கத்தில் 1650 வோல்ட் என்று இருந்தது. அதற்குக் கீழே 'மேற்படி'. அடுத்த வாரம் 'மேற்படி'. ஆறு வருடம் வாராவாரம் மேற்படி, மேற்படி. எல்லாம் அவள் கையெழுத்துதான். ஒரு நாளாவது மீட்டர் வைத்துப் பார்த்தாளா? மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழின் முள் குறிக்கு நேராக இருக்கிறதா என்று பார்ப்பாள், எழுதுவாள், போவாள்.

மீட்டர் வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. மூன்று வாரம் தள்ளிப்போட்டாள். மீட்டருக்கு பேட்டரி இல்லை என்றாள், பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றாள். படித்த மனுஷிக்குச் சாக்கு கிடைப்பதா கஷ்டம்? பயம்தான், வேறென்ன. மின்னழுத்தம் ஏறியிருந்தால் கருவி சாதாரணப் பொழிவையும் பூதாகரமாகக் காட்டும். அப்புறம் ஏழும் இல்லை, நாற்பத்தொன்றும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அதற்கு மேல் தாங்காமல் வைத்துப் பார்த்தாள். 1740.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. எப்போது ஏறியது? கட்டுரைக்குப் பிறகு என்றால் தப்பித்தாள். குமிழைத் திருப்புவது வருடத்தில் ஒரே முறை: ஆயுத பூஜைக்குக் கருவியை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுப்பார்கள். மறுநாள் அவள்தான் மறுபடி ஏற்றுவாள். குமிழைச் சுற்றிய எண்களில், 1650க்கென்று ஆறாம் எண்ணில் போட்டிருந்த பென்சில் கோடு எப்போதோ அழிந்து, அந்த இடத்தில் குங்குமக் கறைதான் அடையாளமாக இருந்தது. அது ஏழின் பக்கம் தள்ளியிருந்தால் மின்னழுத்தமும் ஏறும். பொட்டை இடம் மாற்றி வைத்தவன் அட்டெண்டர் பக்கிரியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினாள். அவன்மேல் கோபம் வந்ததில் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

பக்கிரி ஓய்வு பெற்று அரியாங்குப்பத்தில் இருந்தான். வருடா வருடம் பூஜைப் படங்களை வாங்கிச் சேர்த்துவைப்பவன். ஸ்கூட்டரில் பாலம் தாண்டும்போது, 2003க்குப் பிறகு இருக்கட்டும், 2003க்குப் பிறகு இருக்கட்டும் என்று வாய் முணுமுணுத்தது.

"வாங்கம்மா. இன்னா இவ்ளோ தூரம்?"

"பக்கிரி, மிஷின்ல பொட்டு வைக்கிறது நீதானே?"

"அய்யய்யோ, நானா? அந்தக் கரண்டு பொட்டிகிட்டயே போவமாட்டேம்மா. மாலை போடுறதோட சரி. நீங்கதான் வப்பீங்க." ஆல்பத்தைப் புரட்டி ஒரு படத்தை நீட்டினான். "தோ, பாருங்க. 2001."

படத்தில் சந்திரகலா சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறுக்கு நேரே மங்கலாகப் பென்சில் கோடு. அதற்கு வலப்பக்கம், ஏழை நோக்கிக் கொஞ்சம் தள்ளி, அவளுடைய விரல் குங்குமத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

கட்டுரைக்கு இரண்டு வருடம் முன்னால். மறுநாள் கோட்டை விட்டுவிட்டு இந்தப் பொட்டுக்குத்தான் குமிழைத் திருப்பியிருக்கிறாள். ஏழும் அதற்குப் பிறகு வந்தவை.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பக்கிரி மெதுவாகக் கேட்டான்: "ஏதாச்சும் வில்லங்கமாம்மா? கிழிச்சிடவா? இந்த ஒண்ணுதான் இருக்கு."

அவள் வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது. படத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "குடிக்கத் தண்ணி குடு" என்றாள்.

அன்று மத்தியானமே படத்தையும் 1740ஐயும் சேர்த்து பாரிசுக்கு அனுப்பினாள். ஏழு பொழிவுகளும் செல்லாது, கட்டுரை வந்த இதழுக்கும் எழுதிவிடுகிறேன், தவறு என் விரலுடையது என்று எழுதினாள். அனுப்பிய பிறகுதான் பயம் முழுசாகப் பிடித்தது. நான்கு நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. கல்லூரியில் யார் கூப்பிட்டாலும் தூக்கிவாரிப் போட்டது.

ஐந்தாம் நாள் திறந்தாள். பதில் வந்திருந்தது.

"மேடம், எங்கள் கருவி உங்களுடையதைவிட நூறு மடங்கு பெரியது. மூன்று வருடமாக அதில் அப்படி ஒன்றுகூட விழவில்லை. எங்களுடையதுதான் குருடு என்று நினைத்து இரண்டு முறை பிரித்துப் பூட்டினோம். இந்த மாதத்தோடு என் வேலை போக இருந்தது. உங்களைக் கேட்கவே பயந்துகொண்டிருந்தேன்."

சந்திரகலா அதை மூன்று முறை படித்தாள். பிறகு கருவியில் மீட்டர் வைத்துப் பார்த்து, குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு நேரே அது காட்டிய எண்ணை எழுதினாள்.