மலை பங்களாவில் ஆறு கார்ப்பெட்டுகள்

நானும் என் மனைவியும் வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் போய் கார்ப்பெட் கழுவிக் கொடுக்கும் தொழில் செய்தோம். போடியில் இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். "நம்மூர்ல கார்ப்பெட்டு யாரு மாப்ளே வச்சிருக்கா?" என்று ஒரு டீக்கடைக்காரர் கேட்டார். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். ஏலக்காய் வியாபாரிகளின் ஆபீஸ், டாக்டர்களின் கிளினிக், கல்யாண மண்டபத்து மேடை, பள்ளிவாசல், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள், மலையில் டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடும் பங்களாக்கள்.

அந்த வேலையை நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கற்றுக்கொண்டேன். எட்டு வருஷம் அங்கே ஆபீஸ் ஆபீஸாகப் போய்த் தரையில் மண்டி போட்டிருக்கிறேன். கல்யாணம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, பழைய மெஷின் ஒன்று வாங்கினேன். ஷாம்பூத் தண்ணீரைப் பீய்ச்சி, தேய்த்து, அழுக்குத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் மெஷின். அவள் அதற்கு முன்பு ஒரு ஏலக்காய்க் குடோனில் காய் பிரிக்கும் வேலையில் இருந்தாள். காலையிலிருந்து சாயந்திரம் வரை குனிந்து உட்கார்ந்து, பச்சை வெளுத்த காயையும் வெடித்த காயையும் ஒதுக்குகிற வேலை. கண் அப்படிப் பழகியிருந்தது. ஒரு கறையைப் பார்த்தவுடன் இது டீ, இது மருதாணி, இது தலைக்கு வைக்கும் எண்ணெய் என்று சொல்லிவிடுவாள். எனக்கு எட்டு வருஷத்தில் வராத பார்வை அவளுக்கு ஆறு மாதத்தில் வந்தது.

தொழில் நிலைத்து நின்றது அவளை வைத்துத்தான். இதை அப்போது நான் யாரிடமும் சொன்னதில்லை. பாய் வீடுகளில் பகல் நேரத்தில் ஆம்பளைகள் கடைக்குப் போயிருப்பார்கள். நான் வாசலில் மெஷினோடு நிற்பேன், குழாயை இழுத்துக்கொண்டு அவள் உள்ளே போவாள். உள்ளிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கும். வேலை முடிந்து வரும்போது கையில் ஏதாவது பலகாரப் பொட்டலம் இருக்கும். நோன்புக்கு முன்னால் போன் வந்தால், "அக்கா வருவாங்கள்ல?" என்பதுதான் முதல் கேள்வி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டுப் பெண்கள் அவளிடம் கேட்டிருப்பார்கள். என்ன பதில் சொன்னாள் என்று அவள் என்னிடம் சொன்னதில்லை.

அந்த ஆனி மாதம் மலையிலிருந்து ஒரு சோலி வந்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்துக்குள் ஒரு பங்களா. முதலாளி வெளிநாட்டில். இரண்டு மழைக்காலம் பூட்டிக் கிடந்ததை இப்போது டூரிஸ்டுகளுக்கு விடப்போகிறார்கள். ஆறு அறை, ஆறு பெரிய கார்ப்பெட். எல்லாவற்றையும் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். இது நன்றாக முடிந்தால் பக்கத்துக் காட்டேஜ்களும் நம்மைக் கூப்பிடும் என்று நான் கணக்குப் போட்டேன். அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் மெஷினையும் ஏற்றினோம். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களில் இரண்டு பேர் அவளுக்குக் குடோனில் பழக்கம். "என்னடி, பங்களாவுக்கே குடியேறப் போறியா?" என்று கேலி பேசினார்கள். வளைவுகளில் ஜீப் சாயும்போதெல்லாம் அவள் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மேலே போகப் போகச் சாரல் பிடித்துக்கொண்டது.

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் ஆள் கதவைத் திறந்துவிட்டார். தமிழர்தான், மலையிலேயே பிறந்து வளர்ந்ததால் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். "சேச்சி, பார்த்து. அகத்து ஒரு மாதிரி வாடை அடிக்கும்" என்றார். உள்ளே உண்மையிலேயே வாடை அடித்தது. முதல் அறையில் கார்ப்பெட் சுருட்டிச் சுவரோரம் போட்டிருந்தது. அவள் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடிப்பக்கம் முழுக்கப் பூசணம், பச்சையும் கறுப்புமாக.

"ஏங்க, இதை உள்ள விரிக்க வேணாம். வெளிய கொண்டு போயிருவோம்" என்றாள்.

வெளியே சாரல். கார்ப்பெட் இன்னும் நனைந்தால் தூக்க முடியாத கனமாகிவிடும், காயவும் காயாது. வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் நாலரைக்கு இறங்கிவிடும், அதை விட்டால் வேறு வண்டி இல்லை.

"இங்கனயே விரி. வெரசா வேக்குவம் போட்டு எடுத்திருவோம்" என்றேன்.

அவள் இன்னொரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு விரித்தாள். விரிக்க விரிக்கத் தூள் கிளம்பியது. குளிர்க்காற்று வருகிறதென்று ஜன்னலை நான்தான் சாத்தியிருந்தேன். பையின் அடியில் ஷாம்பூ டப்பாக்களுக்குக் கீழே மாஸ்க் ஒரு கட்டு கிடந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டால்தான் கைக்கு வரும் என்று விட்டுவிட்டேன். அவள் முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மண்டியிட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் பெரும்பாலும் வராந்தாவில் நின்று தண்ணீர் சுமந்துகொண்டும் அழுக்குத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டும் இருந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவளுக்குக் காய்ச்சல். உடம்பெல்லாம் நடுங்கியது, வறட்டு இருமல் வேறு. கஷாயம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் இரண்டாவது அறைக்குப் போனோம். அன்றும் சாயந்திரம் காய்ச்சல். மூன்றாவது அறை முடிந்த பிறகு அவளே சொன்னாள்.

"அந்தப் பங்களாவுக்குப் போய்ட்டு வந்தாலே எனக்குக் காய்ச்சல் வருதுங்க."

"மலைக்குளிரு ஒத்துக்கல. ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்றேன்.

அடுத்த தடவை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். ஆறு அறையும் முடித்தோம். பார்த்துக்கொள்ளும் ஆள் கார்ப்பெட்டுகளைக் கையால் தடவிப் பார்த்து, "நன்னாயிருக்கு அண்ணே, புதுசு மாதிரி" என்றார். உண்மைதான். மெரூன் நிறத்தில் பூ வேலைப்பாடு செய்த கார்ப்பெட்டுகள் அவை. அந்தப் பூக்கள் வெளியே தெரிவதற்கு அவள்தான் காரணம்.

காய்ச்சல் போன பிறகும் இருமல் போகவில்லை. ஆடி போய் ஆவணி வந்தது. மெடிக்கலில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தாள். குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. இளைத்துவிட்டாள். நாங்கள் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் எங்களுக்குப் பழக்கமான வியாபாரி வீட்டில் மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள். மாடி ஹாலில் இருந்த கார்ப்பெட்டைக் கழுவ வேண்டும். நான் வழக்கம்போல வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டம்மா வேகமாக வெளியே வந்தார். அதுவரை அவர் என்னிடம் நேராகப் பேசியதில்லை.

"தம்பி, உள்ள வாங்க. ஒங்க வீட்டுப் புள்ள மாடிப்படியில உக்காந்திருச்சு. எந்திரிக்க மாட்டேங்குது."

ஏழாவது படியிலோ எட்டாவது படியிலோ அவள் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல, இந்தா எந்திரிச்சிர்றேன்" என்றாள். அந்தம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கார்ப்பெட்டு கெடக்கட்டும் தம்பி. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." அவர்கள் வீட்டுக் காரிலேயே தேனிக்கு அனுப்பி வைத்தார்.

தேனியில் எக்ஸ்ரே, ஸ்கேன், ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். நெஞ்சு டாக்டர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"காய்ச்சல் எப்பெப்ப வந்துச்சும்மா?"

அவள் சொன்னாள். முதல் அறை முடித்த அன்றைக்கு. இரண்டாவது அறை முடித்த அன்றைக்கு. ஆறு அறைக்கும் ஆறு காய்ச்சலை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னாள். நாலாவது அறையில் மட்டும் காய்ச்சல் லேசாக வந்தது, ஏனென்றால் அன்றைக்கு வெயில் அடித்ததால் கார்ப்பெட்டை முற்றத்தில் போட்டுக் கழுவினோம் என்றாள். நான் அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் அவள் கவனித்து வைத்திருந்திருக்கிறாள்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். பூசணத் தூள் நுரையீரலுக்கு ஒவ்வாமல் போயிருக்கிறது. முதலிலேயே நிறுத்தியிருந்தால் தானாகச் சரியாகியிருக்கும். திரும்பத் திரும்ப உள்ளே போனதால் நுரையீரல் இறுகத் தொடங்கிவிட்டது. இறுகிய பாகம் இனித் திரும்பாது, மீதியைக் காப்பாற்றத்தான் மருந்து. கார்ப்பெட் வேலை கூடாது, குடோன் வேலையும் கூடாது, தூசி எதுவும் ஆகாது. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் வேலைத்துணியோட வீட்டுக்குள்ள போகக் கூடாது. குளிச்சு மாத்திட்டுத்தான் போகணும்."

"முதல்லயேன்னா எப்ப சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது காய்ச்சல்ல" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனாள். நான் தூங்கவில்லை.

நான் வேறு வேலை தேடினேன். ஒரு ஏலக்காய்க் குடோனில் வாட்ச்மேனாகப் பன்னிரண்டு நாள் இருந்தேன். அங்கே நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சட்டையில் தூள் படிந்துவிடும். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் தலைமுடியில் வாசம் நிற்கும். என்னைப் பார்த்ததும் அவளுக்கு இருமல் வரும். அதற்குப் பழைய வேலையே தேவலை என்று திரும்பிவிட்டேன். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

ஆனால் அவள் இல்லாமல் வீடுகள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. "வீட்ல ஆம்பளைக இல்லண்ணே, அப்புறம் சொல்றோம்" என்பார்கள். ஜீப்பில் அன்று கேலி பேசிய பெண்களில் ஒருத்தியைத் துணைக்குக் கூப்பிட்டேன். ஒரு வாரம் வந்தாள். பிறகு ஒரு நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே கட்டிலில் படுத்திருந்தவளைப் பார்த்தாள். என்னைத் தனியாக அழைத்து, "அண்ணே, எனக்கு ரெண்டு புள்ளைக இருக்கு" என்றாள். அவள் போன பிறகு யோசித்தேன். இப்படி ஒரு பங்களா மறுபடி வந்திருந்தால் இவளை எங்கே உட்கார வைத்துத் தேய்க்கச் சொல்லியிருப்பேன்?

ஆபீஸ்கள் மட்டும் மிஞ்சின. அவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய்க் கழுவுகிறேன். மாஸ்க் போட்டுக்கொள்கிறேன். வீட்டில் அவளுக்குப் பக்கத்தில் இப்போது ஆக்சிஜன் கொடுக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. கரண்ட் போனால் அது வரும்வரை இருவரும் காத்திருப்போம். தன் வீட்டை அவளால் கூட்ட முடியாது. ஈரத்துணியால் நான்தான் துடைக்கிறேன். மூலையில் விட்டுப்போனால் கட்டிலில் இருந்தபடியே விரலை நீட்டுவாள்.

பங்களாவைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவள் ஒரு நாள் கோபத்தில் கத்துவாள், அப்போது காலில் விழுந்துவிடலாம் என்று நான் ரொம்ப நாள் காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. கத்துவதற்கும் மூச்சு வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கம்பத்தில் ஒரு ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு, ஏன் அப்போது கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நான் உள்ளயே விரிக்கச் சொன்னதுனாலதானே?"

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கி முடித்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

நான் காத்திருந்தேன். அதற்கு மேல் ஏதாவது சொல்வாள், விதி என்பாள், விடுங்க என்பாள் என்று நினைத்தேன். அவள் தண்ணீர் டம்ளருக்குக் கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை கண்ணை மூடியிருந்தாள்.

"நேரமாச்சு. பஸ்சு போயிரும், கெளம்புங்க" என்றாள்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன்.