பேரட் மீனுக்குத் துணை வந்த கதை

என் வீட்டுக்காரருக்குப் பஞ்சாங்கம் கைப்பேசியில் இருக்கிறது. மூளை எங்கே இருக்கிறது என்று கல்யாணமான நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பதியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் ஹாலில் ஒரு மீன்தொட்டி உண்டு. அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு பேரட் மீன், மூன்று வருஷமாகத் தனியாக இருந்தது. ஸ்ரீசிட்டியில் வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸில் இடுப்பொடிய வந்து இறங்குவேன். அவர் டிவியிலிருந்து தலையைத் திருப்பமாட்டார். மீன்தான் கண்ணாடியோரம் ஓடி வரும், என் விரலிலிருந்து தீனியைக் கவ்வித் தின்னும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “இதுக்கு என்னை நல்லாத் தெரியும்” என்று பீற்றிக்கொள்வேன்.

“பாவம், ஒண்டியாக் கீது. ஒண்டியா இருந்தா ஊட்டுக்கு ஆவாது” என்றார் ஒருநாள். அவர் நகரிப் பக்கத்துக்காரர். திருவள்ளூரிலிருந்து வந்த எனக்கும்தான் இந்த ஊரில் யாருமில்லை. அதனால் வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று அவர் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு டைகர் பார்ப் மீன்களைப் பாலிதீன் பையில் வாங்கி வந்தார். உடம்பில் வரிபோட்ட பொடி மீன்கள். பையைப் பிரிக்காமல் அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரின் சூடு பழகிய பிறகுதான் மீன்களை விட வேண்டும். கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் அப்போது மணி நாலே கால். நாலரைக்கு ராகு காலம்.

“ராவு காலத்துல யாராவது புது ஊட்டுக்குப் போவாங்களா?” என்று கேட்டபடியே பையைக் கிழித்துக் கொட்டிவிட்டார். கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. மறுநாள் காலையில் ஒரு மீன் செத்து மிதந்தது.

“ராவு காலத்துல உட்டிருந்தா ஆறும் போயிருக்கும்” என்றார், பரம திருப்தியாக.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுவதை அந்த வாரம் முழுக்கக் கண்ணால் பார்த்தேன். மிஞ்சிய ஐந்தும் சேர்ந்து பேரட்டின் துடுப்பைக் கொத்திக் கொத்தி, மூலையில் கிடந்த மண்குடுவைக்குள் அதைத் துரத்திவிட்டன. அது வெளியே வரவே இல்லை. ஒரு வாய் தின்னவில்லை. நிறம் வெளுத்துப்போனது. விரலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நான் நிற்பேன், அது எட்டிக்கூடப் பார்க்காது. செத்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

“புதுசுங்கோ பழகிக்கினு கீது, உடு” என்றார் இவர்.

விடவில்லை. கடைக்காரரிடமே போய் நின்றேன். அவர் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்: “மீனை எடுக்க வேணாம்மா. ராய்ங்க, அதான் கல்லுங்க, குடுவை எல்லாத்தையும் எடம் மாத்தி வைங்க. யாருக்கும் சொந்த எடம்னு இல்லன்னா கொடவ உண்டது, சண்டையே வராது.”

வீட்டுக்கு வந்து கற்களையெல்லாம் கலைத்தேன், குடுவையை எதிர்மூலையில் வைத்தேன். ஒருநாள் முழுக்க ஆறும் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளாகத் திரிந்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் பேரட் வெளியே வந்து, ஐந்தையும் இடித்துத் தள்ளிவிட்டுத் தீனியைப் பிடுங்கித் தின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் விரலை நீட்டினேன்.

அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்ப் ஒன்றைத் துரத்திக்கொண்டு போய்விட்டது. மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான்.

“பாத்தியா, தொண வந்ததும் எவ்ளோ குஷியா துன்னுது!” என்றார்.

குஷியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. மூன்று வருஷமும் அது என்னைத் தெரிந்துகொண்டு ஓடி வரவில்லை. பார்ப்பதற்கு வேறு ஒரு ஜீவன் இல்லாததால் வந்திருக்கிறது. பட்டினி கிடந்த நாட்களில், அது பிழைத்தால் போதும் என்று மலையைப் பார்த்துத் தினமும் கும்பிட்டேன். என்னை விட்டால் வேறு கதியில்லாமல் பிழைக்க வேண்டும் என்று விவரமாகக் கேட்டிருக்க வேண்டும். ஏழுமலையான் மேல் தப்பில்லை.