திமிங்கிலம் சோதித்த காது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடலைப் பற்றி நான் சொல்வதில் பிழை இராது. பிறருடைய வள்ளத்தில் கூலிக்கு வலை இழுத்தவன், இன்று தாழ்வுபாட்டில் சொந்தமாக இரண்டு படகும் கரையில் மீனை ஐஸ் போட்டு வைத்து விற்கும் ஒரு மீன்வாடியும் வைத்திருக்கிறேன். யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது என்னிடம் இருந்தவை இரண்டு கையும் இரண்டு காதும்தான். கை எல்லாருக்கும் இருக்கிறது. என்னை ஆளாக்கியது காது.

கடலுக்குள் மீன் கத்தும் என்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, சவளை, அதாவது துடுப்பை, தண்ணீருக்குள் இறக்கி, அதன் பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்போடு சேர்த்து அழுத்தினால் கேட்கும். சில மீன் தவளை மாதிரிக் கத்தும். சில மீன் பாக்கு வெட்டுகிற மாதிரி. காது வைத்துக் கேட்க எல்லாராலும் முடியும். கூட்டம் பெரிதா சிறிதா, கிட்டவா தூரமா, நிற்கிறதா போகிறதா என்று சொல்ல என்னால்தான் முடியும். மீன் காட்டும் கருவி பூட்டிய படகுக்காரர்கள்கூட என் படகு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வலை போடுவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் உண்மை.

அப்படிப்பட்ட காதுக்குத்தான் போன வருடம் குற்றம் வந்தது. முதலில் மனைவி தொடங்கினாள். குசினியில் சமைத்துக்கொண்டு கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லையாம். தொலைக்காட்சியின் சத்தம் சந்தி வரைக்கும் கேட்கிறதாம். அவள் மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். ஆஸ்பத்திரியில் காது பார்க்க நாளும் எடுத்தாள். பிறகு மூத்தவன் வந்தான். என் மற்றப் படகை ஓட்டுகிறவன் அவன்தான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஒரு நாள் காலையில் தன் படகு என் படகுக்குக் குறுக்கே வந்ததாகவும், தான் தொண்டை கிழியக் கத்தியும் நான் கேளாமல் நேரே வந்ததாகவும் சொன்னான்.

“பெரிய வெள்ளி கழியட்டும், அப்பா. அதுக்குப் பிறகு நீங்கள் வாடியைப் பாருங்கோ. கடலுக்கு நான் போறன்.”

“எனக்கு மீன் கேக்குதடா.”

“மீன் கேக்கும். மனிசர் கேக்கினமில்லையே.”

கடலுக்குப் போகாத நான் யார் என்று எனக்குத் தெரியாது. வாடியில் கதிரை போட்டு இருந்து ஐஸ் கட்டி உருகுவதைப் பார்க்கவா இவ்வளவு பாடுபட்டேன்?

மாசி மாதம், கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்த ஒரு காலை. நானும் என் மைத்துனனும், மனைவியின் தம்பி, ஒன்பது பாகம், அதாவது ஒன்பது ஆள் ஆழத்தில், படகை நிறுத்தி நின்றோம். கரையில் நிற்கும் மின்சாரக் காற்றாடிகளில் மூன்றாவது நாலாவதை மறைக்கும் இடம். அதுதான் எனக்குக் குறி. சவளைக் காதில் வைத்தேன். மீன் சத்தம் இல்லை. பசு கன்று போட முக்குவது போல ஒரு முனகல். அது மெல்ல மேலே ஏறி, எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரிக் கிரீச்சிட்டு முடிந்தது. பிறகு குறட்டை மாதிரி மூன்று. பிறகு முதலிலிருந்து அதே முனகல், அதே கீல், அதே குறட்டை. இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

“எடேய், இதைக் கேள்” என்று சவளை மைத்துனனிடம் கொடுத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டான்.

“ஒண்டும் இல்லை, அத்தான். தண்ணி அலம்புது.”

திருப்பி வாங்கி நான் வைத்தேன். ஒன்றும் இல்லை. காது அடைத்துப் போகிறவர்களுக்கு உள்ளேயே சத்தம் கேட்கும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது.

“அக்காட்டச் சொல்லாதை” என்றேன்.

“நான் ஏன் சொல்லப்போறன்?” என்றான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நாளும் அதே இடத்தில் அதே முனகல் கேட்டது. இந்த முறை மைத்துனனைக் கூப்பிடவில்லை. அவன் மறுபடியும் இல்லை என்று சொன்னால் என் கதை முடிந்தது. கேட்டதைக் கேட்காதது மாதிரி வலையை இழுத்தேன். அவ்வளவு பயத்தோடு நான் ஆமிக்காரனின் சோதனைச் சாவடியைக்கூடக் கடந்ததில்லை.

அந்தக் கிழமைதான் தொலைபேசி வந்தது. ஒரு பெண்குரல், படித்த குரல். கடலைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறவளாம். இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் என் இலக்கத்தைத்தான் கொடுத்தார்களாம். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடிபடவில்லை.

“ஐயா, உங்கட பக்கம் வேல் ஏதும் வந்ததோ?”

“வேலோ? பிள்ளை, நாங்கள் வேதக்காரர். வேல் வேணுமெண்டால் முருகன் கோயில் ஐயரை எல்லோ கேக்கோணும்?”

“கோயில் இல்லை, ஐயா. கடல்ல. ஒரு தாய் வேலும் குட்டியும் கரையோரமாப் போனதாச் சொல்லுகினம்.”

“வேல் எங்க, பிள்ளை, குட்டி போடும்?”

மனைவி என் கையிலிருந்து போனைப் பறித்தாள். இரண்டு நிமிடம் கதைத்தாள். வைத்துவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

“அந்தப் பிள்ளை திமிங்கிலம் வந்ததோ எண்டு கேக்குது. இவருக்கு வேல் எண்டு கேக்குது! மாதாவே, இந்த மனிசனை இனிக் கடலுக்கு விடாதையணை.”

பின்னேரத்துக்குள் கரை முழுக்கப் பரவிவிட்டது. கருவாடு காயப்போடும் பெண்கள் முதல் சைக்கிளில் மீன் ஏற்றுகிறவன் வரை, “என்ன அண்ணை, வலையில வேல் பட்டுதோ? காவடியும் வருமோ?” என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் நேரில் வந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. வாடியில் மனைவி, மூத்தவன், மைத்துனன் எல்லாரும் நின்றார்கள். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“பிள்ளை, அண்டைக்குப் போனில முதல்ல என்ன கேட்டனீங்கள்? கேட்டதைக் கேட்ட மாதிரிச் சொல்லுங்கோ.”

அவள் கொஞ்சம் திகைத்தாள். “வேல் வந்ததோ எண்டுதான், ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. திமிங்கிலத்தை இங்கிலீசில அப்பிடிச் சொல்லுறது. படிக்கிற இடத்தில சொல்லிச் சொல்லி வாயில வந்திட்டுது.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போய்விட்டாள். மூத்தவன் மட்டும் அசையவில்லை. “சரி, அது ஒண்டு. முனகல் கேட்டதெண்டு மாமா சொன்னாரே, அது?”

முனகல் என்றதும் அந்தப் பெண் பெட்டியைக் கீழே வைத்தாள். எங்கே, எத்தனை நாள், எத்தனை பாகம் என்று கேட்கத் தொடங்கினாள். சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டபோது வாயால் செய்து காட்டினேன். மகன் வேறு பக்கம் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. “நாளைக்கு என்னை அங்க கூட்டிக்கொண்டு போவீங்களோ, ஐயா?” என்றாள்.

அடுத்த நாள் விடிந்து, நானும் மைத்துனனும் அவளும் போனோம். போகும்போது அவள் சொன்னாள்: இது கூனல் திமிங்கிலமாக இருக்கலாம். வேறு கடல்களில் இந்தச் சாதி குளிர்ந்த தூரக் கடலிலிருந்து குட்டி போட வெப்பமான கரைகளுக்கு வரும், பிறகு திரும்பிப் போகும். எங்கள் பக்கத்து அரபிக்கடலில் ஒரு சிறு கூட்டம் அப்படித் தூரம் போகாமல் இங்கேயே இருக்கிறதாம். சோடி சேரும் காலத்தில் ஆண் ஓரிடத்தில் தொங்கிக்கொண்டு நின்று பாடும். குட்டியோடு உள்ள தாய் அந்த ஆண்களுக்கு ஒதுங்கி, ஆழம் குறைந்த கரையோரமாக மெல்ல மெல்லப் போகும். குட்டிக்கு மூச்சு நீளாது, அடிக்கடி மேலே வரவேண்டும். தாய் அதன் கதிக்குத்தான் போகும்.

“உது பாட்டோ?” என்றான் மைத்துனன். “அத்தான் செய்து காட்டினது பாட்டு மாதிரி இல்லையே.”

“உன்ர கலியாண வீட்டில நீ பாடினதும் அப்பிடித்தான்” என்றேன்.

காற்றாடிகள் குறிக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தினேன். அவள் நீளமான வயரில் ஒரு கறுப்பு மைக்கைத் தண்ணீரில் இறக்கினாள். காதில் கருவியை மாட்டினாள். காத்திருந்தோம். கால் மணித்தியாலம் போயிற்று. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் சவளைத் தொடவே இல்லை. தொட்டு, எனக்கு மட்டும் கேட்டுவிட்டால்?

பிறகு அவள் ஒரு விரலைத் தூக்கினாள். வாய் திறந்தாள்.

“சொல்லாதையுங்கோ, பிள்ளை!” என்று கத்தினேன். “ஒண்டும் சொல்லாதையுங்கோ. நான் மற்றப் பக்கம் திரும்பி இருக்கிறன். முனகல் தொடங்கேக்க கையைத் தூக்குவன். குறட்டை முடிய இறக்குவன். நீங்கள் பாத்துக்கொண்டு இருங்கோ.”

மைத்துனனுக்கு அவள் காதுக் கருவியின் ஒரு பக்கத்தைக் கொடுத்தாள். நான் அவர்களுக்கு முதுகு காட்டி, படகின் முன்பக்கத்து அணியத்தில் இருந்து, சவளை இறக்கிப் பிடியைக் காதின் பின்னால் அழுத்தினேன். வந்தது. பசு முனகிற்று, கையைத் தூக்கினேன். கீல் கிரீச்சிட்டது. குறட்டை மூன்று, கையை இறக்கினேன். மறுபடி தூக்கினேன். இறக்கினேன். எத்தனை தரம் என்று நினைவில்லை. வாழ்க்கையில் எந்தச் சோதனையிலும் நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. எழுதிய சோதனைகளும் அவ்வளவு அதிகம் இல்லை.

“அத்தான், கையை இறக்குங்கோ, போதும்” என்று மைத்துனன் பின்னாலிருந்து சொன்னான். “எல்லாம் சரி. ஒண்டும் பிழைக்கேல்லை.”

“ஐயா, ஒரு தரம்கூடத் தவறேல்லை” என்றாள் அவள். “சில இடத்தில என்னை முந்திக் கை தூக்கினீங்கள்.”

சவளை மடியில் போட்டுக்கொண்டு மூச்சு விட்டேன். நெஞ்சுக்குள் நாள்கணக்காக நின்றது எல்லாம் அந்த மூச்சோடு போயிற்று. அப்போதுதான் மைத்துனன் கேட்டான்: “அப்ப எனக்கு அண்டைக்கு ஏன் கேக்கேல்லை?”

பாடுகிற ஆண் இடையில் மூச்செடுக்க மேலே வரும்; வரும்போது பாட்டு நிற்கும் என்றாள் அவள். நான் சவளைக் கொடுத்த நேரம் அது மேலே போயிருக்கும். நான்கு பக்கமும் பார்க்கத் தெரிந்த நான் அன்றைக்குக் கடலின் மேலே ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். காதையே நம்பியிருந்ததால் கண்ணை மறந்துவிட்டேன். இதை இங்கே எழுதுகிறேனே தவிர வீட்டில் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஐந்து பாக ஆழத்தில், எங்களுக்கும் கரைக்கும் நடுவே, புகை மாதிரி ஒரு மூச்சு எழும்பியது. அதன் பக்கத்தில் இன்னொன்று, சின்னது. எஞ்சினை நிறுத்தினேன். தாயின் முதுகு கவிழ்த்துப் போட்ட வள்ளம் மாதிரி எழும்பி மெல்ல இறங்கியது. கை மாதிரி நீண்ட அதன் செட்டை தண்ணீருக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. குட்டி அந்தக் கையோடு ஒட்டிக்கொண்டு, தாய் ஒரு தரம் மூச்செடுப்பதற்குள் மூன்று தரம் மேலே வந்தது. அவசரம் என்பதே இல்லை. வங்காலை ஊர்ப் பக்கமாகப் போயின. அந்தப் பெண் படம் எடுக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவை போகிற வழியில், அதே ஐந்து பாகத்தில், மூத்தவன் வலை போட்டிருந்தான். போன் எடுத்தேன்.

“வலையைத் தூக்கு. உடனே. தாயும் குட்டியும் வருகுது.”

முன்பென்றால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பான்.

“எவ்வளவு தூரத்தில, அப்பா?” என்றான்.

தூரத்தைச் சொன்னேன். தூக்கிவிட்டான். அவை அவனுடைய படகுக்குக் கல்லெறி தூரத்தில் போனதாகப் பின்னேரம் கரையில் வந்து எல்லாருக்கும் கையை விரித்து விரித்துச் சொன்னான்.

ஆஸ்பத்திரிக்கும் போனேன்; நாள் எடுத்தது எடுத்ததுதான். சத்தம் புகாத பெட்டி மாதிரி அறைக்குள் இருத்திச் சோதித்த டாக்குத்தர், கீச்சுச் சத்தங்கள் எனக்குக் குறைந்துவிட்டன, கனத்த அடிச் சத்தங்கள் நன்றாகக் கேட்கின்றன, வயதுக்கு இது வழமை என்றார்.

“அப்ப என்ர குரல் கீச்சோ?” என்று மனைவி கேட்டாள். டாக்குத்தர் கடதாசியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு சின்னக் கருவி தந்தார்கள். வீட்டில் மாட்டுகிறேன்; கடலில் கழற்றிவிடுகிறேன்.

பெரிய வெள்ளி வந்து போயிற்று. உயிர்த்த ஞாயிறும் போயிற்று. திங்கட்கிழமை விடியக் கரைக்குப் போனபோது மூத்தவன் எனக்கு முன்பே வந்து நின்றான். வாடியைத் திறக்கத்தான் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் என் படகின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்து, தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே கேட்டான்:

“இண்டைக்கு எந்தப் பக்கம், அப்பா?”