போனில் சொன்ன நூற்றுப் பத்து

ஊசியும் அந்தத் தையல்காரியும் பழைய சிநேகிதம். விரலில் குத்தினால் அவளுக்கு வலிப்பதில்லை. பிள்ளை உண்டானதும் சர்க்கரை வந்து ஒட்டிக்கொண்டது. பெற்றதும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. தொற்றுக்காலம் என்பதால் ஒரு கருவியைக் கொடுத்து வீட்டிலேயே சோதித்துக்கொள்ளச் சொன்னார்கள். திங்கட்கிழமைதோறும் நர்சக்கா போனில் அளவு கேட்பாள்.

கருவி இருநூற்றைத் தாண்டும். அவள் வாய் கூசாமல் நூற்றுப் பத்து என்பாள். உள்ளதைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்வார்களே! அங்கே இருமலோடு நடந்துபோய்ச் செத்த புருஷனின் முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை.

"சமத்து! எல்லாரும் உன்ன மாதிரி இருந்தா நான் காலை நீட்டித் தூங்கலாம்," என்பாள் நர்சக்கா.

எட்டாம் மாதம் குழந்தை அசைவதை நிறுத்தியது. பிறந்தபோது உயிரில்லை. அவள் தைத்து வைத்திருந்த சின்னச் சட்டையைப் போட்டுத்தான் புதைத்தார்கள்.

அடுத்த திங்கள் போன் அடித்தது. நர்சக்காவின் பட்டியலிலிருந்து அவள் பெயரை யாரும் இன்னும் எடுக்கவில்லை.

"இன்னிக்கு எவ்வளவு, கண்ணு?"

அவள் விரலைக் குத்திப் பார்த்தாள். கருவியில் மெய்யாகவே அந்த எண்தான் நின்றது.

"நூத்திப் பத்துக்கா."

"சமத்து!" என்றாள் நர்சக்கா.