இராசாத்தியின் புளித்தண்ணீர்

இராசாத்தியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அவளுக்கு நான் செய்ததை எங்கள் ஊர் உடுப்பிட்டியில் வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அவள் என் தம்பியின் பெண்சாதி. தம்பிக்கு மலாயாவில் ரெயில்வே வேலை. நாற்பத்தொன்றில் மூன்று மாதம் ஊரில் நின்றுவிட்டு வரலாம் என்று, பிள்ளை பாலேஸ்வரியைத் தூக்கிக்கொண்டு இராசாத்தி கப்பலேறி வந்தாள். வந்த பின்னால் யப்பான்காரன் கடலை அடைத்துவிட்டான். தம்பியிடமிருந்து கடிதமும் இல்லை, சேதியும் இல்லை. நாங்கள் இருந்தது என் சீதன வீடு. ஐயாவும் என்னோடுதான் இருந்தார். ஆக, அந்த வீட்டில் அவள் ஒண்ட வந்தவள், நான் வைத்ததுதான் சட்டம். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம், மறைப்பானேன்.

கூப்பன் அரிசி கால் வயிற்றுக்கும் காணாத காலம். வீட்டில் குரக்கன், அதுதான் கேழ்வரகு, ஓடியது. நாற்பத்திரண்டு கார்த்திகை மழையில் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்துக் கூரை ஒழுகி, ஒரு சாக்குக் குரக்கன் நனைந்து முளைவிட்டுவிட்டது. "மாட்டுக்குப் போடு" என்றேன். அவள் கேட்கவில்லை. முளைத்ததைப் பாயில் பரப்பி உலர்த்தி, அரைத்து, வழக்கமான கூழுக்குள் ஒரு பிடி போட்டுக் கிண்டினாள். கட்டியாக நின்ற கூழ் கண் முன்னாலேயே இளகித் தண்ணீராகப் போயிற்று. "உழைப்பும் போச்சு, விறகும் போச்சு" என்று நான் சிரித்தேன். அவள் அதை ஒரு மண்பானையில் ஊற்றி மூடிவைத்தாள். நாலு நாளில் புளித்து, மேலே தெளிந்த நீர் நின்றது.

பாலேஸ்வரிக்கு அப்போது வயிற்றோட்டம் தொடங்கி ஒன்றரை மாதம். பால் கொடுத்தால் போகும், கஞ்சி கொடுத்தால் போகும். பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் கையை விரித்து, "வயிறு எதை ஏற்குதோ அதைக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இராசாத்தி அந்தப் புளித்தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் வார்த்துப் பருக்கினாள். அது வயிற்றில் நின்றது! பத்து நாளில் பிள்ளை எழுந்து இருந்தது. மாசிக்குள் முற்றத்தில் கோழிக்குஞ்சைத் துரத்தியது. ஆனால் ஒரு நாள் அந்தத் தண்ணீர் தவறினால் மறுநாள் பழையபடிதான்.

பானையை அவள் ஒரு நாளும் வெறுமையாக விட்டதில்லை. அடியில் இரண்டு அகப்பை மிச்சம் வைத்து, அதன் மேல் புதுக்கூழை ஊற்றுவாள். அந்த மிச்சம் இருந்தால் ஒரு பகலில் புளிக்கும். இல்லாவிட்டால் நாலைந்து நாள் செல்லும், அதுவும் சில வேளை அழுகிப்போகும். பருத்தித்துறையிலிருந்து கடகத்தில் மீன் கொண்டுவரும் லூர்த்தம்மாவின் பேரனுக்கும் இதே வயிற்றோட்ட வருத்தம் என்று அறிந்து, அந்த மிச்சத்தில் ஒரு சிரட்டை அள்ளி வேலிக்கு மேலால் கொடுத்தாள். "கண்டவையோடையும் என்னடி கொடுக்கல் வாங்கல்?" என்று ஏசினேன்.

சித்திரையில் ஐயா செத்துப்போனார்.

பிரேதம் வாசல் படலையைத் தாண்டினால், துடக்கு, தீட்டு என்று வீட்டிலுள்ள தண்ணீர், சமைத்தது எல்லாவற்றையும் கொட்டி, மண்பானைகளை வெளியே போட்டுக் கழுவ வேண்டும். மூத்த பெண் நான். ஐயாவை இழந்த துக்கம் ஒரு பக்கம், ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்ற வீறாப்பு ஒரு பக்கம். இராசாத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"மச்சாள், எல்லாத்தையும் கொட்டுங்கோ. உந்தப் பானையை மட்டும் விடுங்கோ. பிள்ளையின்ரை உயிர் உதுக்குள்ளைதான் கிடக்கு."

"எங்கடை ஐயா செத்த வீட்டிலை துடக்குப் பானை வைச்சிருக்கச் சொல்லுறியோ? கையை விடடி!"

வேலிக்கரையில் ஊற்றினேன். பானையையும் உடைத்தேன். உடைக்கத் தேவையே இல்லை. கோபத்தில் உடைத்தேன்.

முளைமா மிச்சமிருந்தது. அவள் அன்று பின்னேரமே புதுப்பானையில் கரைத்து வைத்தாள். மறுநாள் அது நுரைத்தது. அதற்கு அடுத்த நாள் நாற்றமெடுத்தது. கொட்டிவிட்டுத் திரும்பவும் தொடங்கினாள். துடக்குக் கழியுமுன் படலையைத் தாண்டி லூர்த்தம்மா வீட்டுக்குப் போகவும் அவளுக்கு வழியில்லை. பிள்ளைக்குப் பழையபடி ஓட்டம் தொடங்கியது. கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, தலை நிமிர்த்த முடியாமல் கிடந்தது.

மூன்றாம் நாள் காலை படலையில் லூர்த்தம்மா நின்றாள். மீன் கடகம் இல்லை. கையில் வாழையிலையால் வாய் கட்டிய ஒரு சின்ன மண் முட்டி.

"பிள்ளை, பானையைக் கொட்டிப் போட்டியளாம் எண்டு சந்தையிலை கதைச்சினம். இது இராசாத்திப் பிள்ளை தந்த உறையிலை வைச்சதுதான். என்ரை பேரன் இதாலைதான் தப்பினவன்."

நான் அந்த முட்டியைப் பார்த்தேன். என் கண்ணுக்கு அது மருந்தாகத் தெரியவில்லை, அவள் வீட்டுத் தண்ணீராகத்தான் தெரிந்தது. அந்த வீட்டுத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்ததென்று நாளைக்கு ஊர் கதைக்குமே என்பதுதான் என் புத்தியில் ஓடியது.

"நாங்கள் உங்கடை வீட்டுத் தண்ணி புழங்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியாதே? கொண்டு போ."

அவள் முட்டியோடு ஒழுங்கைப் பாதையால் திரும்பி நடந்தாள். சத்தம் கேட்டு இராசாத்தி வெளியே வந்து, போகிறவளின் முதுகைக் கண்டாள்.

"என்னவாம் மச்சாள்? என்ன கொண்டு வந்தவ?"

"மீன் விக்க வந்தவள். செத்த வீடெண்டும் தெரியாத சனம்."

பாலேஸ்வரி ஆறாம் நாள் விடிய முன்னமே அடங்கிவிட்டது. ஐயாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முன் அந்தச் சின்ன உடம்பையும் தூக்கிக்கொண்டு போனார்கள். இராசாத்தி இரண்டாவதாக வைத்த பானை அன்றைக்குத்தான் சரியாகப் புளித்திருந்தது. அவளே அதைத் தூக்கிப்போய், நான் முதலில் ஊற்றிய இடத்தில் ஊற்றினாள்.

லூர்த்தம்மா வந்த கதை பிறகு எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. அவள் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மயிரைப் பிடித்து இழுத்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். கோடிப்புறத்துக் கொட்டிலில் தனியே உலை வைத்துச் சாப்பிட்டாள். ஒரே வளவுக்குள் ஒன்றரை வருடம் என்னோடு கதைக்கவில்லை.

நாற்பத்துநாலு ஐப்பசியில் என் கடைசி மகள் கமலாவதிக்கு வயிற்றோட்டம் வந்தது. ஒன்பது மாதக் குழந்தை. அதே குழி விழுந்த கண், அதே வறண்ட நாக்கு. பரியாரியார் திரும்பவும் கையை விரித்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விறாந்தையில் கிடந்து குழறி அழுதேன்.

இராசாத்தி எப்போது வெளியே போனாளோ தெரியாது. மத்தியான வெயிலில் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து நடந்து வந்து முன்னால் நின்றாள். கால் முழுக்கப் புழுதி. கையில் ஒரு முட்டி, வாயில் வாழையிலை கட்டியிருந்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"லூர்த்தம்மா வீட்டுத் தண்ணி. குடுக்கிறியளோ, நான் திருப்பிக் கொண்டு போகவோ?"

நான் கையை நீட்டி வாங்கினேன்.

குழந்தை குடித்தது. வயிற்றில் நின்றது. இராசாத்தி அது விழுங்கும் ஒவ்வொரு மிடறையும் பார்த்துக்கொண்டே நின்றாள். முட்டியில் பாதி குறைந்ததும், "அடியிலை இருக்கிற மிச்சத்தைக் கொட்டிப் போடாதையுங்கோ, மச்சாள்" என்று சொல்லிவிட்டுத் தன் கொட்டிலுக்குப் போனாள்.